பேட்டையின் தலையும் வாலும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையை முதலில் அறிவது மூக்கு. மூலப்பிள்ளையார் கோயிலை ஒட்டிய வெல்ல மண்டியில் சிப்பம் சிப்பமாக இறங்கும் உருண்டை வெல்லத்தின் வாசம் தெருமுனைவரை வரும். நாலு எட்டு நடந்தால் வாசம் மாறிவிடும். லீ பஜாரில் மிளகாய் வற்றல் நெடி, பருப்பு மூட்டையின் தூசு. இன்னொரு சந்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையின் தட்டல். பேருந்து நடத்துநர் “செவ்வாப்பேட்ட, செவ்வாப்பேட்ட” என்று கூவுவார். கடைப்பலகையில் ‘செவ்வாய்ப்பேட்டை’ என்று இருக்கும். அதே பலகையின் ஆங்கில வரியைப் படித்தால் ‘ஷெவாபெட்’ என்று வரும்.

ஒரே ஊர்ப்பகுதிக்கு வாயில் ஒன்று, எழுத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என மூன்று உருவம். இந்தப் பெயரின் பின்பாதியான பேட்டை மட்டும் தென்னிந்தியா முழுக்க எத்தனை உருவத்தில் நடமாடுகிறது என்று பார்க்கப் புறப்பட்டால், சேலத்தில் தொடங்கி பெங்களூரு, புனே, கொழும்பு என்று சுற்றிவர வேண்டியிருக்கிறது. ஒரு சொல்லின் பூர்வீகத்தை மொழியியல் எப்படித் துப்பறிகிறது என்பதையும் வழியில் பார்த்துவிடலாம்.

முதலில் முன்பாதி. செவ்வாய்க்கிழமை சந்தை கூடிய இடம் என்பதால் செவ்வாய்ப்பேட்டை. ‘செவ்வாயோ வெறுவாயோ’ என்று நல்ல காரியத்துக்கு அந்த நாளை ஒதுக்கும் ஊரில், ஒரு பெரிய வணிகப் பகுதியே செவ்வாயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சந்தைக்கு ராகுகாலம் பார்க்க முடியாது. சுற்றுவட்டாரத்தில் எந்த ஊருக்கு எந்த நாள் என்று பங்கு பிரித்தால்தான் வியாபாரி திங்கள் ஓர் ஊர், செவ்வாய் ஓர் ஊர் என்று சுற்றிவர முடியும். அப்படிப் பிரித்ததில் சில ஊர்களுக்குக் கிழமையே பெயராக ஒட்டிக்கொண்டது. கோயம்புத்தூரில் சுக்கிரவார்பேட்டை, அதாவது வெள்ளிக்கிழமைப் பேட்டை. குடகு மாவட்டத்தில் சோமவாரப்பேட்டை, அதாவது திங்கள். புனே நகரத்துக்குப் போனால் வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு ‘பேட்’ இருக்கின்றன. சோம்வார், மங்கள்வார், புத்வார், குருவார், சுக்ரவார், சனிவார், ரவிவார். அவற்றில் மங்கள்வார் பேட் என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் கிடைப்பது செவ்வாய்ப்பேட்டைதான். கோலாப்பூரிலும் ஒரு மங்கள்வார் பேட் உண்டு. நமக்கு வெறுவாயான கிழமை மராத்தியர் வாயில் மங்களமாகிவிட்டது.

கிழமை மாறலாம், மொழி மாறலாம், பேட்டை மாறவில்லை. கன்னடத்தில் பேட்டெ, தெலுங்கில் பேட்ட, மலையாளத்தில் பேட்ட, துளுவில் மூக்கொலி கலந்த பேண்ட்டெ, மராத்தியில் பேட். இவையெல்லாம் ஒரே சொல்லா, அல்லது தற்செயலாக ஒலி ஒத்தவையா?

ஒலி ஒத்திருந்தால் உறவு என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. இதற்கு உதாரணம் தேடித் தொலைவு போக வேண்டாம், நாமக்கல் லாரிப் பட்டறைக்குப் போனால் போதும். ஓட்டுநருக்குக் கொடுக்கும் படிப்பணத்துக்குப் பெயர் பேட்டா. அமைச்சர் விமான நிலையத்தில் கொடுப்பது பேட்டி. பேட்டை, பேட்டா, பேட்டி மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்போலத் தெரியும். ஆனால் பேட்டா, பட்டாளத்துச் சிப்பாய்க்குக் கொடுத்த படியைக் குறித்த வடக்கத்திச் சொல்லிலிருந்து வந்தது. பேட்டி, சந்திப்பைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லின் பிள்ளை. பேட்டைக்கும் இவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கடல் கடந்தால் இந்த ஏமாற்று இன்னும் கூடும். இஸ்ரேலில் 1878-இல் நிறுவப்பட்ட பெத்தா திக்வா என்ற நகரம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் அதன் முதல் பாதி ஏறக்குறைய நம் பேட்டைதான். ஆனால் ஹீப்ரு மொழியில் அதற்கு ‘வாசல்’ என்று பொருள், முழுப்பெயர் ‘நம்பிக்கையின் வாசல்’. வட இங்கிலாந்தின் டர்ஹம் நகரில் சரிவான சாலைக்குப் ‘பெத்’ என்று பெயர். அது பாதையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வட்டார உருவம். வேல்சு மொழியில் அதே எழுத்துகளுக்கு ‘பொருள், சாமான்’ என்று அர்த்தம். ஷெவாபெட் என்ற ஆங்கில எழுத்தைப் பார்ப்பவருக்குச் செல்லப்பிராணி நினைவுக்கு வந்தால் அதுவும் இந்த வகைதான். மனித வாய் எழுப்பக்கூடிய ஒலிகள் கொஞ்சம், மொழிகள் ஆயிரக்கணக்கில். ஒன்றிரண்டு சொற்கள் முட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

அப்படியானால் உண்மை உறவை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒலி எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்ப்பதில் பயனில்லை. மாறியிருக்கும் இடத்தில் அந்த மாற்றம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ் 1816-இல் தமிழ், தெலுங்கு, கன்னடச் சொற்களை அடுக்கி வைத்து, இவை சமஸ்கிருதத்தின் கிளைகள் அல்ல, தனிக்குடும்பம் என்று காட்டியது இப்படித்தான். கால்டுவெல் 1856-இல் தம் ஒப்பிலக்கணத்தில் அதை விரித்தார்.

அதே சோதனையைப் பேட்டைக்கும் செய்வோம். முதலில் வால். தமிழில் ‘ஐ’ என்று முடிகிற சொல் கன்னடத்தில் ‘எ’ என்றும், தெலுங்கிலும் மலையாளத்திலும் ‘அ’ என்றும் முடியும். தலை என்பது கன்னடத்தில் தலெ, தெலுங்கில் தல, மலையாளத்திலும் தல. விலை என்பது கன்னடத்தில் பெலெ, தெலுங்கில் வெல, மலையாளத்தில் வில. கோட்டை என்பது கோட்டெ, கோட்ட, கோட்ட. பேட்டையும் பேட்டெ, பேட்ட, பேட்ட என்று அதே வரிசையில் நிற்கிறது. வால் விதிக்கு அடங்கிவிட்டது.

இந்த மாற்றத்தைக் காணப் பழைய ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. பேருந்து நடத்துநரை மறுபடி கேளுங்கள். அவர் சொல்வது ‘பேட்டை’ அல்ல, ‘பேட்ட’. நாமும் தலையைத் தல என்றும், விலையை வெல என்றும்தான் பேசுகிறோம். எழுதும்போது மட்டும் ‘ஐ’ திரும்பி வருகிறது. 2019-இல் ரஜினிகாந்த் படம் ‘பேட்ட’ என்று வந்தபோது, நம் பேச்சுவழக்கு அப்படியே சுவரொட்டியில் ஏறியது. அந்த உருவத்தைத் தெலுங்கர் தங்கள் சொல் என்றே படித்திருக்கலாம்.

இனித் தலை. இங்கேதான் கதை திரும்புகிறது.

பழங்கன்னடத்தில் ‘ப’ என்று தொடங்கிய சொற்கள் பிற்பாடு ‘ஹ’ என்று மாறின. இந்த மாற்றம் 10-ஆம் நூற்றாண்டுவாக்கில் தலைகாட்டி, 14-ஆம் நூற்றாண்டுக்குள் பரவலாகிவிட்டது. அதனால்தான் நம் பால் அவர்களுக்கு ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி, பாம்பு ஹாவு, பூ ஹூ. ஊர்ப்பெயர்களும் தப்பவில்லை. பள்ளி என்பது ஹள்ளி ஆயிற்று. சேலத்திலிருந்து வடக்கே தர்மபுரிப் பக்கம் போனால் மாரண்டஹள்ளி வந்துவிடும், அங்கே தமிழ்நாட்டு மண்ணிலேயே இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். பட்டி என்பது ஹட்டி ஆயிற்று. நீலகிரியில் படகர் தங்கள் ஊரை ஹட்டி என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தக் கணக்குப்படி பேட்டை கன்னடத்தில் ‘ஹேட்டெ’ ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பெங்களூருவில் சிக்கப்பேட்டை இருக்கிறது, ‘சிக்கஹேட்டெ’ இல்லை. வால் விதிக்கு அடங்கியது, தலை அடங்கவில்லை.

துப்பறிபவருக்கு இது நல்ல தடயம். வால் பிறகும் மாறக்கூடியது. வெளியிலிருந்து ஒரு சொல்லை எடுக்கும் மொழி அதன் முடிவைத் தன் வாய்க்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளும். கடன் வாங்கிய சட்டையின் கையைச் சுருக்கிக்கொள்வதுபோல. ஆனால் ‘ப’ ‘ஹ’ ஆனது வரலாற்றில் ஒருமுறை அடித்த அலை. அலை அடித்தபோது ஊரில் இருந்த சொற்கள் நனைந்தன. அலை ஓய்ந்த பிறகு வந்தவை நனையவில்லை. பாலும் புலியும் பள்ளியும் அப்போதே அங்கே இருந்தவை. பேட்டெ அதன்பிறகு கன்னடத்துக்குள் வந்து சேர்ந்தது, அல்லது வணிகர் வாய்வழியாக மறுபடி வந்து இன்றைய உருவில் நிலைபெற்றது என்றுதான் இந்தத் தடயம் சொல்கிறது.

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. பாளையம். படை தங்கும் இடத்தைக் குறித்த இந்தச் சொல் கன்னடத்தில் பாள்ய என்று வழங்குகிறது, இதுவும் ‘ஹாள்ய’ ஆகவில்லை. இப்போது சேலத்தின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கொண்டலாம்பட்டி, அஸ்தம்பட்டி ஒரு பக்கம். அரிசிப்பாளையம், கிச்சிப்பாளையம், அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை இன்னொரு பக்கம். பட்டி உழவரும் மேய்ப்பரும் குடியிருந்த ஊரின் பெயர், கன்னடத்திலும் பழையது, அதனால் நனைந்தது. படையின் பாளையமும் வணிகனின் பேட்டையும் அங்கே நனையவில்லை. விஜயநகர, நாயக்கர் காலத்தில் தென்னகம் எங்கும் பாளையங்களும் பேட்டைகளும் பெருகின என்று வரலாறு தனியாகச் சொல்லும் செய்தியோடு இந்த ஒலிக்கணக்கு ஒத்துப்போகிறது. சங்க இலக்கியத்தில் கடைவீதிக்கு வழங்குபவை அங்காடி, ஆவணம் போன்ற சொற்கள்தான்.

மராத்தி ‘பேட்’ ஒரு படி மேலே போய்விட்டது. அதன் ஈற்றில் இருப்பது மூச்சை அழுத்தி ஒலிக்கும் ‘ட்ட’. தமிழில் அப்படி ஓர் ஒலியே கிடையாது. தெற்கிலிருந்து போய் அங்கே மூச்சு சேர்ந்ததா, வடக்கிலிருந்து வந்து இங்கே மூச்சை இழந்ததா என்று வாதாடலாம். இரண்டும் மொழிகளில் நடப்பவைதான். மடத்தையும் பீடத்தையும் வடமொழியிலிருந்து எடுத்தபோது நாம் மூச்சை உதறிவிட்டோம். எப்படிப் பார்த்தாலும் பேட்டை ஒரே இடத்தில் குந்தியிருந்த சொல் அல்ல. சந்தைக்குச் சந்தை மூட்டையோடு நடந்த சொல்.

நடந்த வழியில் பொருளும் மாறியது. முதலில் அது கோட்டைக்கு வெளியே வணிகரும் கைவினைஞரும் குடியேறிய பகுதி. கெம்பே கௌடர் 1537-இல் பெங்களூருவை அமைத்தபோது கோட்டையோடு பேட்டையும் எழுந்தது. அதற்குள் தொழிலுக்கு ஒரு தெரு. அரிசிக்கு அக்கிப்பேட்டெ, வளையலுக்கு பளெப்பேட்டெ, செக்கோட்டிகளுக்கு காணிகரபேட்டெ. ஆங்கிலேயப் படைக்கு இந்த அமைப்பு நன்றாகவே தெரிந்திருந்தது. கார்ன்வாலிஸின் படை 1791 மார்ச் 7 அன்று பெங்களூருப் பேட்டையைப் பிடித்தது. அதை ஒட்டியிருந்த கோட்டையைப் பிடிக்க மேலும் இரண்டு வாரம் ஆயிற்று. மறு ஆண்டு திப்புவுடன் செய்த உடன்படிக்கையில்தான் சேலம் வட்டாரமும் கம்பெனியின் கைக்குப் போனது. இப்படிப் போர்க்குறிப்புகளில் அடிக்கடி வந்ததால் ‘பெட்டா’ என்று அது ஆங்கிலத்துக்குள் புகுந்தது. யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி அதற்குத் தமிழையே மூலமாகக் காட்டி, கோட்டையை அடுத்த புறநகர் என்று பொருள் சொல்கிறது.

சென்னையில் பேட்டைகள் கம்பெனியின் துணி வியாபாரத்தோடு முளைத்தன. 1734-இல் நெசவாளரைக் குடியேற்றி அமைத்தது சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப் பேட்டையே அப்படித் திரிந்தது என்பார்கள். துணி வெளுத்தவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. எல்லாவற்றையும் மிஞ்சுவது திருவொற்றியூர் அருகேயுள்ள காலடிப்பேட்டை. அந்தப் பெயரைக் கேட்டால் ஏதோ ஒரு தெய்வத்தின் பாதம் பட்ட தலம் என்று தோன்றும். உண்மையில் அது 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயர். காலெட் பேட்டை மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. புரியாத ஒலியைப் புரிந்த சொல்லாக மாற்றிக்கொள்வது எல்லா மொழியிலும் உள்ள பழக்கம்.

கொழும்பில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே கோட்டைக்கு வெளியே உள்ள நெரிசலான கடைப்பகுதிக்கு ஆங்கிலப் பெயர் பெட்டா. சிங்களத்தில் அது பிட்டகொட்டுவ, ‘கோட்டைக்கு வெளியே’ என்று பொருள். அங்குள்ள தமிழர் அதையே புறக்கோட்டை என்கிறார்கள். ஆக, தமிழ்ச் சொல்லை ஆங்கிலம் வைத்துக்கொண்டது, அங்கு வாழும் தமிழர் வேறொரு தமிழ்ச் சொல்லால் அழைக்கிறார்கள்.

கோட்டைகள் போனபின் பேட்டை வேறு வேலை தேடிக்கொண்டது. கன்னடத்தில் அது நகரத்தைக் குறிக்கிறது. ஹள்ளியிலிருந்து பேட்டெக்குப் போவது என்றால் கிராமத்திலிருந்து டவுனுக்குப் போவது. மராத்தியில் பாரசீக பஜாரோடு சேர்ந்து ‘பாஜார்பேட்’ ஆகி, பொருளாதாரக் கட்டுரைகளில் வரும் ‘சந்தை’க்கும் அதுவே சொல்லாயிற்று. நாம் செய்ததும் அதேதான். சந்தைப்பேட்டை என்ற பெயர் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருக்கிறது, நாமக்கல்லிலும் ஒரு சந்தைப்பேட்டைப்புதூர் உண்டு. பேட்டை என்றாலே சந்தை என்றிருந்தால் முன்னால் இன்னொரு சந்தை எதற்கு? சந்தையைச் சுற்றி நிலைத்த குடியிருப்பே பேட்டை என்று இந்த இரட்டைச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. சந்தை வாரத்துக்கு ஒருநாள் கூடிக் கலைந்துவிடும், பேட்டை கலையாது.

பேட்டை இன்னும் பல இடங்களில் தலைகாட்டுகிறது. கேரளத்தின் எருமேலியில் ஐயப்ப பக்தர்கள் ஆடுவது பேட்டை துள்ளல். நாதஸ்வரத்தால் ஒரு பேட்டைக்குப் பெயர் வந்தது, நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனால். 1958-இல் கிண்டியில் தொழிற்கூடங்களுக்கென்று இடம் ஒதுக்கியபோது அதைத் தொழிற்பேட்டை என்றார்கள். தொழிலுக்கு ஒரு தெரு என்ற பழைய பேட்டையின் வழக்கத்துக்கு அது பொருத்தமான பெயர். பிற்பாடு கணினி நிறுவனங்கள் வந்தபோது பேட்டை பழசாகத் தெரிந்துவிட்டதோ என்னவோ, அதற்குப் பூங்கா என்று பெயர் வைத்தார்கள். ஆனால் தெருவில் பேட்டையின் மவுசு குறையவில்லை. “நம்ம பேட்டைல வந்து சவுண்டு உடாத” என்று ஒருவர் மிரட்டினால், அதில் கோட்டையும் சந்தையும் தறியும் இல்லை. ‘என் எல்லை’ என்பது மட்டும் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டையின் ஒரு தெருவில் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம், சௌராட்டிரம் நாலும் காதில் விழும். விலை பேசும்போது யாரும் யாரிடமும் ‘இந்தச் சொல் யாருடையது’ என்று கேட்பதில்லை. கேட்பது நாம்தான். ‘இது எங்கள் சொல், அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்’ என்று யாராவது ஒரே ஒரு சொல்லைக் காட்டிச் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். அதேபோல் மாறிய இன்னும் மூன்று சொற்களைக் கேளுங்கள், தலை எந்த விதிக்கு அடங்குகிறது, வால் எதற்கு அடங்குகிறது என்று பாருங்கள். அவர் காட்டுவது பேட்டையா, பேட்டாவா என்று அப்போது தெரிந்துவிடும்.